ஜெயசுந்தரி ஆன்ட்டியின் வேனுக்கு அடியில்

கோடை விடுமுறைக்குப் பள்ளிக்கூடம் மூடுவதற்கு முந்தின வாரம், வேனின் பின்சீட்டில் ஒரு பிள்ளையின் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்தது. ஜெயசுந்தரி ஆன்ட்டி வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுத் துணியோடு பின்னால் போனார். துடைப்பதற்குத் தண்ணீர் தேங்கியிருக்கவில்லை. பாட்டில் காலி, ரப்பர் விரிப்பு ஈரம், அவ்வளவுதான். விரிப்பைத் தூக்கினார். தரைத் தகட்டில் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருந்தது. அதன் நடுவே ஒரு ரூபாய்க் காசளவுக்குத் தார்ச்சாலை தெரிந்தது.

அன்று சாயங்காலம் மாடிக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லும்போது அவர் உட்காரவே இல்லை.

"ரோடு தெரியுது புள்ள. அந்த இடத்துலதான் சின்னதுக காலத் தொங்கப்போட்டு உக்காந்திருக்கும்."

2004ஆம் வருஷம். ஹைதராபாத் மௌலா அலியில் அவர்கள் வீட்டு மாடி அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். காலையில் அமீர்பேட்டையில் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வகுப்பு, மதியத்துக்கு மேல் எங்காவது நேர்காணல். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான் என்பது சொந்த ஊரான அருப்புக்கோட்டையில் பெரிய செய்தி. இங்கே அதை யாரும் கேட்பதில்லை. ஆன்ட்டி வீட்டில் மட்டும், கேஸ் அடுப்பு எரியாவிட்டாலும் டி.வி. கோடு கோடாக ஓடினாலும் என்னைக் கூப்பிடுவார்கள். படித்த பெண்ணாம். எனக்கு எது தெரியும் என்று நானே தேடிக்கொண்டிருந்த காலம் அது.

ஆன்ட்டியின் அப்பா நாசரேத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். ஆன்ட்டி பிறந்து வளர்ந்தது எல்லாம் செகந்திராபாத். அவர் பேச்சில் திருநெல்வேலித் தமிழும் ஹைதராபாத் தக்கனி உருதுவும் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்பான இண்டர் முடித்து ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்டாக இருந்தார். கம்ப்யூட்டர் வந்ததும் அவரையும் அவருடைய மெஷினையும் ஒரே மாதத்தில் அனுப்பிவிட்டார்கள். நாற்பதை நெருங்கும்போது ஓட்டுநர் உரிமம் வாங்கினார். எங்கள் பகுதியில் பள்ளி வேன் ஓட்டிய முதல் பெண் அவர்தான். பக்கத்து ஹப்சிகுடாவின் தாய்மார்கள் முதலில் தயங்கினார்கள், பிறகு அவர் பெண் என்பதற்காகவே பிள்ளைகளை அனுப்பினார்கள். அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை விழுந்திருந்தது.

வேன் சென்னையிலிருந்து வந்தது. ஆன்ட்டியின் கணவர் கொர்னேலியஸ் அங்கிளின் தம்பி வெஸ்லி எண்ணூரில் கடலுக்குப் பக்கத்தில் இருந்தார். புது வண்டி வாங்கியபோது பழையதை அண்ணனுக்குக் கொடுத்தார். ஹைதராபாத்தில் பழைய வண்டி வாங்குகிறவர்கள் இன்ஜினைக் கேட்பார்கள், டயரைப் பார்ப்பார்கள். குனிந்து அடியில் பார்ப்பது குறைவு. இந்த வறண்ட ஊரில் துருவைப் பற்றி யாருக்கும் பெரிய பயமில்லை. கடல் உப்பில் ஊறிய வண்டியை இந்த ஊர்க் கண்ணோடு பார்த்து வாங்கியது முதல் தப்பு. சொந்தத் தம்பியின் வண்டியைக் குனிந்து பார்த்தால் மரியாதை இல்லை என்று நினைத்தது அடுத்தது.

"வெஸ்லி வேணும்னு குடுத்தானாக்கும்?" என்று அங்கிள் ஆரம்பித்தார்.

"நான் அப்படிச் சொன்னேனா? ஓட்ட இருக்குன்னு சொல்லுதேன்."

"அடித் தகட்டுல அண்டர்கோட்டிங் அடிச்சா சரியாப் போயிரும். அதுக்கு ஏன் வீட்ட ரெண்டாக்குற?"

அங்கிள் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் குமாஸ்தா. விடியும்போதே கம்பெனி பஸ் ஏறுகிறவர். சண்டையை அவர் எப்போதும் பஸ் வரும் நேரத்துக்கு முன்னால் முடித்துவிடுவார்.

எதை அடிப்பது என்று கண்டுபிடிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. இன்டர்நெட் சென்டரில் உட்கார்ந்து படித்தேன். எல்லாம் பனி பெய்யும் நாட்டுக்காரர்கள் எழுதியவை. அங்கே பனியைக் கரைக்கச் சாலையில் உப்புத் தூவுவார்களாம். எண்ணூர்க் காற்றைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. ஆனாலும் விஷயம் புரிந்தது. தார் கலந்த பூச்சும் ரப்பர் கலந்த பூச்சும் தடிமனாகக் காய்ந்து, கல் தெறித்தாலும் தாங்கும். நல்ல தகட்டுக்கு நல்லது. துருவின்மேல் அடித்தால் ஈரம் உள்ளே மாட்டிக்கொண்டு, வெளியே பளபளக்க உள்ளே தின்னும். மெழுகும் எண்ணெயும் கலந்த இன்னொரு வகை காயாது. இடுக்கில் ஊறி இறங்கும். பார்க்க அசிங்கம், வருஷா வருஷம் மறுபடி அடிக்க வேண்டும்.

ஆன்ட்டி கேட்டுக்கொண்டே அரிசி களைந்தார். "ரெண்டுல எது?"

"தெரியலை ஆன்ட்டி" என்றேன். இத்தனை படித்தும் அந்த வார்த்தைதான் வந்தது. அன்று மதியம் நேர்காணலிலும் அதைத்தான் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

அங்கிள் முந்திக்கொண்டார். பள்ளி திறப்பதற்கு முந்தின ஞாயிறு, சபை வளாகத்தில் எல்லோருடைய வண்டிகளையும் வரிசையாக நிறுத்தி போதகர் ஜெபம் செய்வது அவர்கள் வழக்கம். அதற்குள் வண்டி பளிச்சென்று இருக்க வேண்டும். சனிக்கிழமைக்கு ஹப்சிகுடாவில் அப்துல் காதர் பாயின் கடையில் ரப்பர் கோட்டிங்குக்குச் சொல்லிவிட்டு வந்தார்.

அப்துல் காதர் வாணியம்பாடிக்காரர். தமிழ் கேட்டால் டீ வாங்கிக் கொடுப்பார். வேனை லிஃப்டில் தூக்கியதும் ஆன்ட்டி உட்காரப் போட்ட ஸ்டூலைத் தள்ளிவிட்டு வேனுக்கு அடியில் போய் நின்றார். நானும் நின்றேன். ஆன்ட்டி ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துப் பொருக்கின்மேல் லேசாக அழுத்தினார். அது அப்பளம் போல நொறுங்கியது. அந்த ஓட்டைக்குள் ஆன்ட்டியின் மூன்று விரல் போனது.

"இன்னாம்மா பண்றீங்க! நான் அடிக்கத்தான தூக்கினேன், நீங்க ஒடைக்கிறீங்க!"

"இதுக்கு மேல அடிப்பியா பாய்?"

"அடிக்கலாம்மா. தேய்ச்சிட்டு, பேஸ்ட்டு வெச்சு, மேல ரெண்டு கை ரப்பர் உட்டா தெரியவே தெரியாது. சாயங்காலம் புது வண்டி. எஃப்.சி. செக்கிங்குக்குப் போனாக்கூட இன்ஸ்பெக்டரு தட்டிப் பாக்க மாட்டாரு."

"எனக்கும் தெரியாதே?"

"உங்களுக்கு எதுக்கும்மா தெரியணும்? ஓட்டப் போறது மேல உக்காந்துதான!"

கடையில் எல்லோரும் சிரித்தார்கள். ஆன்ட்டியும் சிரித்தார். பிறகு, "நக்கோ பாய், வேண்டாம், எறக்கிரு" என்றார்.

வண்டி அங்கிருந்து நேரே டிங்கரிங் ஷெட்டுக்குப் போனது. அழுகிய தகட்டை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்யச் சொன்னார். பள்ளி திறக்கும் நாளில் வண்டி இருக்காது என்பது அவருக்குத் தெரியும். பள்ளி திறந்த முதல் வாரத்தில் ஒரு பிள்ளை எந்த வேனில் ஏறுகிறதோ, அந்த வருஷம் முழுக்க அதிலேயே போகும். அதுவும் தெரியும்.

அன்று அங்கிள் பஸ்ஸைப் பற்றி யோசிக்கவில்லை. சத்தமாகவே பேசினார்.

"நாளைக்கு ஜெபத்துக்கு வண்டி எங்கன்னு கேட்டா என்ன சொல்ல?"

"ஓட்டைய மூடி வச்சுட்டு ஜெபமா? சொல்லுங்க, கைக்கு, எதுக்கு அந்த ஜெபம்?"

"வெஸ்லிக்குத் தெரிஞ்சா மனசு ஒடிஞ்சு போயிருவான்."

"தம்பிக்கு மனசு ஒடிஞ்சா ஒட்டவச்சுக்கலாம்."

ஆன்ட்டி தாய்மார்களுக்கு ஒவ்வொருவராக ஃபோன் செய்தார். பொய் சொல்ல எத்தனையோ வழி இருந்தது. வண்டியின் தரை துருவேறிவிட்டது, தகடு மாற்றுகிறேன், தயவுசெய்து வேறு ஏற்பாடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். இதே துருவேறிய வண்டியில்தான் போன வருஷம் முழுக்க ஓட்டினாயா என்று ஒருத்தி கேட்டாள். "ஆமாம்மா" என்றுவிட்டு ஆன்ட்டி அடுத்த நம்பரைப் போட்டார். நான் மாடிப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அந்த 'ஆமாம்' எனக்கு வாயில் வந்திருக்குமா என்ற கேள்வி அன்று முழுக்க என்னைச் சும்மா விடவில்லை.

வெல்டிங் முடிந்ததும் புதுத் தகட்டில் துருப் பிடிக்காமலிருக்க ரெட் ஆக்ஸைடு அடித்தார்கள். எதைப் பூசுவது என்பதை ஆன்ட்டி யாரையும் கேட்காமல் முடிவு செய்தார். மெழுகு எண்ணெய். அதற்கு ஒரே காரணம், அதன் வழியே தகடு தெரியும் என்பதுதான். வண்டி திரும்பி வந்தபோது அடியெல்லாம் ஒழுகியது. வாசலில் நிறுத்தினால் சிமெண்டில் கறை. அங்கிள் கறையைச் சுற்றி நடந்து போனார்.

பாதிப் பிள்ளைகள்கூடத் திரும்பவில்லை. மற்றவர்கள் வேறொரு வேனில் போய்க்கொண்டிருந்தார்கள். அதன் டிரைவர் ஒரு தெலுங்கு இளைஞன், நல்ல மாதிரி. மூன்றாவது வாரம் நஸ்ரின் என்ற நாகப்பட்டினத்துப் பெண் ஆன்ட்டியைப் பார்க்க வந்தாள். கணவன் சாஃப்ட்வேரில் இருந்தான். அவள் மகன் முன்பு ஆன்ட்டியின் வேனில் போனவன்.

"ஆன்ட்டி, அந்த வேன் கீழ புதுசா கறுப்பா, கெட்டியா அடிச்சிருக்கு. நல்லதுதானே? நீங்க சொன்னதுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

அங்கிள் நாளிதழுக்கு மேலாக ஆன்ட்டியைப் பார்த்தார். அந்த வேனைக் குறை சொல்லி ஒரு வார்த்தை போதும், பையன் நாளையே இந்த வண்டிக்கு வந்துவிடுவான்.

"அடியில தகடு நல்லாருந்தா அது ரொம்ப நல்லதும்மா. நல்லா இல்லன்னா வெளிய தெரியாது. எது என்னன்னு எனக்குத் தெரியாது."

நஸ்ரின் வந்ததைவிடக் குழப்பத்தோடு போனாள். அதன்பிறகு ஆன்ட்டி வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தார். "தெரியாதுன்னு சொல்லிட்டு எப்படி இருக்கிறது?" என்று தானே கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை என்னையும் அழைத்துக்கொண்டு அந்த வேன் நிற்கும் முனைக்குப் போனார். அடியில் தட்டிப் பார்க்கலாமா என்று டிரைவரிடம் தெலுங்கில் கேட்டார். வண்டியைச் சோதிக்க நீங்கள் என்ன அதிகாரியா என்று அவன் சிரித்தான்.

"ஏன்ட்டி ஆன்ட்டி, மீரு ஆர்.டி.ஓ.வா?"

"போட்டிக்காரின்னு நெனச்சுக்கோ, தட்டிப் பாத்துட்டுப் போயிருதேன்" என்று தமிழிலேயே சொல்லி, கோணியை விரித்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டிக்கு அடியில் போய்விட்டார். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். தாய்மார்கள் பைகளோடு வந்து கூடினார்கள். அடியிலிருந்து தட்டும் சத்தம் வந்தது. முன்னால், நடுவில், பின்னால். ஒவ்வொரு இடத்திலும் நின்று நின்று தட்டினார். எல்லாத் தட்டும் கணீரென்று திரும்பியது.

வெளியே வந்தபோது அவர் முதுகெல்லாம் மண். நஸ்ரின் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல தகடு. உள்ள நல்லா வச்சிருக்கான். பயப்படாம ஏத்து" என்றார்.

பையன் ஏறினான். மற்ற பிள்ளைகளும் ஏறினார்கள். வேன் திரும்பிப் போகும்வரை ஆன்ட்டி கோணியை உதறிக்கொண்டே இருந்தார்.

"வருத்தமா இருக்கா ஆன்ட்டி?"

"இல்லாம? ரெண்டு தட்டு மந்தமாக் கேட்டிருக்கக் கூடாதான்னு அடியில படுத்துக்கிட்டே நெனச்சேன் புள்ள. பிள்ளைக ஏறுற வண்டியப் போய் அப்படி நெனச்சேன்" என்றார். பிறகு தன் வேனுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு நேரமாகிவிட்டது என்று வேகமாக நடந்தார்.