நான் கழற்றிய மூடி

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி வெட்டும் கம்பெனி ஒன்றில் நான் சூப்பர்வைசராக இருந்தேன். உருட்டிய துணியை மெஷினுக்குள் தள்ளினால், சுழலும் வட்டக் கத்தி துண்டு துண்டாக நறுக்கிப் போடும். கத்திக்கு மேல் ஒரு இரும்பு மூடி உண்டு. நூல் பிசிறு அடைக்கும்போதெல்லாம் மெஷினை நிறுத்தி, மூடியைத் திறந்து, பிசிறை எடுத்துவிட்டுத்தான் மறுபடி ஓட்ட வேண்டும். ஆர்டர் நெருக்கிய ஒரு வாரத்தில், மூடியைக் கழற்றி வைக்கச் சொன்னார் முதலாளி. நான்கு போல்ட்டையும் கழற்றியது நான்தான். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்த பெண் என்று எனக்கு அப்போது ஒரு பெருமை.

அந்த மெஷினில் நின்றவள் சுந்தரபாண்டியத்துக்காரி. என்னைவிட ஏழெட்டு வயது இளையவள். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறுவோம். வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வருவாள்.

மூடியைக் கழற்றிய ஒன்பதாம் நாள், மத்தியானச் சாப்பாட்டுக்குச் சற்று முன்னால், ஓடும் மெஷினில் பிசிறை எடுக்கக் கை நீட்டியிருக்கிறாள். அவள் கத்தவில்லை. "அக்கா" என்று சாதாரணமாகத்தான் கூப்பிட்டாள். திரும்பினேன். வலது கையை இடது கையால் பொத்திப் பிடித்திருந்தாள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கைக்கு அகப்பட்ட துணியைச் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். போகும் வழியிலேயே என் மடியில் மயங்கிப் போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வருவதற்குள் மூடி மெஷினில் ஏறியிருந்தது. விபத்து அறிக்கையை என்னை எழுதச் சொன்னார் முதலாளி. மூடி இருந்தது, ஓடும்போது அவளாகவே திறந்துவிட்டாள் என்று எழுத வேண்டும். நான் தயங்கி நின்றதைப் பார்த்தார். மிரட்டவில்லை.

"நீதானம்மா கழத்துன" என்று மட்டும் சொன்னார்.

எழுதினேன். ஒரு வரி கோணலாகப் போனது என்று அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, திருத்தமாக இன்னொன்று எழுதிக் கொடுத்தேன்.

அத்தோடு நின்றிருக்கலாம். மறுநாள் ஆஸ்பத்திரியில் அவள் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னைக்குக் காலைலதான் மூடிய மாட்டி வச்சேன், அவசரத்துல தெறந்துட்டயேட்டி" என்றேன். மருந்து மயக்கத்தில் என்னையே பார்த்தாள்.

"அப்படியாக்கா? எனக்கு ஒண்ணும் ஞாவகமில்ல."

அவள் கணவர் கால்மாட்டில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்தடுத்துப் போனபோதும் அதையே சொன்னேன். கவனமில்லாதவள் என்று கம்பெனி அவளைத் திரும்ப எடுக்கவில்லை. பிறகு நான் அவளைப் பார்க்கப் போவதையே விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு புரட்டாசி சனிக்கிழமை காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைப் பெருமாள் கோயில் படியில் எனக்கு நாலு படி மேலே அவள் நின்றிருந்தாள். வரிசையில் ஒரு அம்மாள் அவள் கையைப் பார்த்துவிட்டு விசாரித்தாள்.

"ஓடுற மெஷின்ல அவசரத்துல நானே மூடியத் தெறந்துட்டேன். எம் புத்தி அப்படி. வீட்டுல அவிய இன்னமும் திட்டுதாக."

நான் சொல்லிக் கொடுத்ததை அப்படியே சொன்னாள். என்னைக் கண்டதும் இறங்கி வந்து, அந்தக் கையாலேயே என் கையைப் பிடித்துக்கொண்டாள். என்னால் அதற்கு மேல் ஏற முடியவில்லை. அவளைக் கீழே கூட்டிவந்து எல்லாவற்றையும் சொன்னேன்.

என் கையை எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

"எங்கிட்ட மட்டும் சொன்னா எப்படிக்கா? எம்புட்டுப் பேச்சு கேட்டிருக்கேன். வீட்டுக்கு வந்து அவிய முன்னால சொல்லுங்க."

வருகிறேன் என்றேன். போக மூன்று வாரம் ஆனது. தினமும் ஒரு காரணம் கிடைத்தது. போய்ச் சொன்னபோது அவள் கணவர் குறுக்கே ஒரு கேள்வியும் கேட்கவில்லை. முடித்ததும், இதை ஆபீசில் எழுதிக் கொடுப்பீர்களா என்று மட்டும் கேட்டார்.

மறுவாரம் தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன். அதோடு என் வேலை போயிற்று. எழுதிக் கொடுத்த அன்றைக்கு அவர்கள் இருவரும் கூட வந்திருந்தார்கள். வெளியே வந்ததும் அவர் மூன்று டீ வாங்கினார். அவர் ஏதோ பேசினார், நானும் ஏதோ பதில் சொன்னேன். அவள் டம்ளரை இடது கையில் பிடித்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்துக் குடித்தாள். என் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.