விலை ஏறிய செம்பு

லோக்கல் ரயிலில் கம்பியைப் பிடித்த கையை முகர்ந்தால், அறுபதுகளின் தாராவி, அப்பாவின் பீடிக்கடை.

புதுக்காசாக நயா பைசா வந்தபிறகும் கல்லாவில் விழும் பழைய செம்புக் காலணாக்களை அப்பா டின்னில் ஒதுக்குவார். காசாகச் செலவழிப்பதைவிடச் செம்பாக விற்றால் கூடக் கிடைக்குமாம். விற்றால்தான் தனி அறை. அறை வந்தால்தான் ஊரிலிருந்து அம்மா வருவாள். அதுவரை கடைக்குள்ளேயே எங்கள் இருவருக்கும் படுக்கை.

ஒருநாள் பாத்திரக்காரரிடம் டின்னைத் தூக்கிப்போனோம்.

"வெல ஏறிட்டு அண்ணாச்சி. தராசுல போடுங்க."

அப்பா சட்டென்று டின்னை மூடி, என் பக்கம் திரும்பினார். "ஏறுதா? அப்போ இன்னும் ஏறும். அடுத்த மாசம் பாப்போம்ட்டீ."

"போன மாசமும் இதத்தானப்பா சொன்னீய?"

திரும்பும்போது அவர் முகமெல்லாம் சிரிப்பு. டின்னின் மறுபக்கத்தைப் பிடித்தபடி அம்மாவை நினைத்துப் பார்த்தேன். மூக்குத்தி மட்டும் வந்தது, முகம் வரவில்லை.