எதிர்வீட்டுக்காரர் குடித்த பச்சிலைச் சாறு

போன வாரம் அக்காவிடமிருந்து போன்.

"தம்பி, மாமாவப் பூச்சி கடிச்சிடுச்சிடா. கள்ளக்குறிச்சிக்கு இட்டுக்கினு போயிக்கினு இருக்கோம். நீ ஆஸ்பத்திரிக்கு வந்துடு!"

எங்கள் பக்கம் பூச்சி என்றால் பாம்பு. பெயரைச் சொன்னால் வந்துவிடுமாம். அதான் வந்து கடித்தே விட்டதே... இன்னும் என்ன மரியாதை?

தியாகதுருகம் பக்கத்தில், வெட்டிய கரும்பின் காய்ந்த சோகையை அள்ளும்போது நடந்திருக்கிறது. அக்கா அப்போது சந்தைக்குப் போயிருந்தாராம். நான் அவசர சிகிச்சைப் பிரிவுக்குள் நுழைந்தபோது மாமா விடாமல் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். டாக்டர் முகத்தில் குழப்பம். ரத்தம் உறைகிறதா என்று பார்க்கும் டெஸ்ட் நார்மல். காலில் வீக்கமும் இல்லை. அப்புறம் ஏன் வாந்தி? விஷம் ஏறுகிறதா? விஷமுறிவு மருந்து சும்மா ஏற்றிப் பார்க்கிற சமாச்சாரம் இல்லை, சிலருக்கு அதுவே ஒத்துக்கொள்ளாமல் ஆபத்தாகிவிடும் என்றார்.

"கடிச்சப்புறம் ஏதாவது நாட்டு மருந்து சாப்ட்டீங்களா?"

"இன்னா டாக்டர் நீங்க! நேரா இங்கதான் வந்தேன்" என்றார் மாமா.

அங்கே கையில் டேப்லெட்டோடு ஒரு கல்லூரி மாணவி. பெயர் சுகன்யா, நைனார்பாளையத்துப் பெண். இன்டர்ன்ஷிப்பாம். பாம்பு கடித்ததற்கும் ஆஸ்பத்திரிக்கு வருவதற்கும் நடுவில் மக்கள் என்ன செய்கிறார்கள் என்பதுதான் ஆராய்ச்சி. என்னிடம் புலம்பினாள்.

"கேட்ட எல்லாருமே நேரா இங்கதான் வந்தேன்னு சொல்றாங்க சார். எங்க ஊர்ல ஒருத்தர்கூட நேரா வந்ததில்ல!"

வாந்தி கொஞ்சம் அடங்கியதும், மாமாவிடம் சம்மதம் வாங்கிக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"ஐயா, உங்களப் பத்திக் கேக்கல. ஊர்ல மத்தவங்களப் பூச்சி கடிச்சா இன்னா பண்ணுவாங்க?"

மாமாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊர்க்கதை என்றால் சும்மாவா?

"அத்த ஏம்மா கேக்கற! எங்க எதிர்வூட்டுக்காரன் ஒருத்தன், பச்சிலை குடுக்கறவருகிட்ட ஓடனான். ஒரு சொம்பு சாறு... மடமடன்னு குடிச்சிட்டான்!"

"அடடா! அப்புறம்?"

"கொடலே வெளிய வந்துடும்போல வாந்தி! இன்னா கசப்பு... இன்னும் நாக்குலயே நிக்குதும்மா."

சுகன்யா சிரிக்கவில்லை.

"எதிர்வூட்டுக்காரர் குடிச்சா உங்க நாக்கு ஏங்கய்யா கசக்குது?"

மாமா போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவள் டாக்டரிடம் ஓடினாள்.

வாந்தி சாற்றின் வேலை என்று தெரிந்ததும், விஷமுறிவு மருந்து யோசனையைத் தள்ளி வைத்து, திரும்பத் திரும்ப டெஸ்ட் எடுத்துப் பார்த்தார்கள். எல்லாம் நார்மல். பூச்சி சும்மா பல்லை மட்டும் பதித்துவிட்டுப் போயிருக்கிறது. சாயங்காலம் வாந்தியும் நின்றது. அக்கா கொஞ்சம் அழுதார், பிறகு திட்ட ஆரம்பித்தார். எனக்கும் அப்போதுதான் உயிர் வந்தது.

நம்மைப் பற்றிக் கேட்டால் நாம் எல்லோரும் உத்தமர்கள். அடுத்தவரைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள் — நம் வண்டவாளம் மொத்தமும் அதில் வந்துவிடும். நீங்களும் நானும் மட்டும் விதிவிலக்கா என்ன?

டிஸ்சார்ஜ் அன்று சுகன்யா வந்தாள்.

"ஐயா, நீங்க சொன்னத ஆராய்ச்சியில சேத்துக்கட்டுங்களா? பேரு வராதுங்க."

மாமா தீவிரமாக யோசித்தார்.

"சேத்துக்கம்மா. ஆனா, எதிர்வூட்டுக்காரன்னே போட்டுக்க."

மாமா வீட்டுக்கு எதிரே வீடே கிடையாது. ஏரிதான் இருக்கிறது!