அம்மா இறங்காத பஸ்

அம்மா வீட்டை விட்டு ஓடப் போகிறாள் என்பதைப் பவுடர் வாசனையை வைத்துத்தான் நான் கண்டுபிடித்தேன். மழையே இல்லாத மாதங்கள் அவை. மலேசியாவில், ஜாசினுக்கு வெளியே எங்கள் எஸ்டேட் லயத்து வரிசை வீட்டின் தகரக் கூரை, மத்தியானம் முழுக்கப் படபடவென்று வெடித்துக்கொண்டிருக்கும். காற்றாடி சுடுகாற்றையே எடுத்து எங்கள் மேல் திருப்பி வீசும். அந்த வேக்காட்டில் யாராவது பவுடர் பூசுவார்களா? அம்மா பூசினாள். நல்ல சேலை கட்டினாள். கைக்குழந்தையான தம்பியைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டு, பாசார் கூடையோடு சந்தைக்குக் கிளம்பினாள். சாயங்காலம் திரும்பும்போது கூடையில் ஒரு கத்தரிக்காய்கூட இருக்காது.

இதை முதலில் மோப்பம் பிடித்தவள் அப்பாவின் அக்காவான அத்தை. அதே லயத்தில் கடைசி வீடு. சந்தேகப்படுவதில் எனக்குக் குரு.

"ஒங்கம்மா எங்கடா போறா, சினிமாக்காரி மாதிரி?"

"பாசாருக்கு."

"மத்தியானத்துல எந்தப் பாசார் தொறந்திருக்கு லா?"

கொஞ்ச நாளைக்கு முன்னால் நடந்தது சட்டென்று நினைவுக்கு வந்தது. தம்பி விடாமல் அழுதுகொண்டிருந்தான். குசினியில் சோறு தீய்ந்துகொண்டிருந்தது. அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடி, "இவன வாங்கிக்க அக்கா. இப்ப இவன் என் கையில வேணாம்" என்றாள். சாப்பாட்டு நேரத்தில் அதை நான் அப்படியே ஒப்பித்தபோது, அப்பாவின் கையிலிருந்த சோறு வாய்க்குப் போகாமல் தட்டுக்கே திரும்பியது. ஓடிப்போகிறவர்கள் முதலில் குழந்தையைத்தானே ஒப்படைப்பார்கள்! எல்லாம் பொருந்திப் போயிற்று.

அம்மா போய்விட்டால் ரிப்போர்ட் கார்டில் யார் கையெழுத்துப் போடுவது? மீன் குழம்பு யார் வைப்பது? அத்தையின் குழம்பை ஒரு கணம் நினைத்துப் பார்த்தேன். அம்மாவைத் தடுத்தே ஆக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் பள்ளி உடுப்போடு, பஸ் ரோட்டோரம் ஒரு செம்பனை மரத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆயுதம், ஜியோமெட்ரி பெட்டியிலிருந்த காம்பஸ். மலாக்காவுக்குப் போகும் சாதாரண பஸ் ஒன்று வந்தது, அம்மா ஏறவில்லை. எவனோ சொல்லிவைத்த பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டேன். பிறகு ஏர்கான் பஸ் வந்தது. அவள் முன்கதவில் ஏறினாள், நான் பின்கதவில்.

"மச்சாம் பியாசா, காக்?" என்று கண்டக்டர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். வழக்கம் போலத்தானா அக்கா என்று கேட்கிறார்! அப்படியென்றால் இந்த ஆளும் கூட்டாளி. காம்பஸை இறுக்கிப் பிடித்ததில் என் விரலையே குத்திக்கொண்டேன்.

மலாக்கா வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். அம்மா இறங்கவில்லை. செருப்பைக் கழற்றி, காலை மடக்கி, நெற்றியைக் கண்ணாடியில் சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். புதிதாக ஏறிய ஒவ்வொரு ஆணையும் முறைத்தேன். குடையை ஊன்றிக்கொண்டு வந்த சீனத் தாத்தாவைக்கூட விடவில்லை. யாரும் அம்மா பக்கத்தில் உட்காரவில்லை. பஸ் வந்த வழியே திரும்பியது.

பாதி வழியில், தலையைத் திருப்பாமலே அம்மா சொன்னாள்: "பின்னால உக்காந்தா ஒனக்கு வாந்தி வரும். முன்னால வாடா."

போனேன். சில்லென்ற கையை என் பிடரியில் வைத்தாள்.

"யாரப் பாக்கப் போறம்மா?"

"யாரையும் இல்ல."

"அப்ப எங்கதான் போற?"

"இங்கதான்டா" என்று சீட்டைத் தட்டிக் காட்டினாள்.

வீட்டில் அத்தை அப்பாவையும் உட்கார வைத்து விசாரணைக்குத் தயாராக இருந்தாள். "பஸ்ல சும்மா உக்காந்திருந்தாங்க" என்றேன்.

"சும்மாவா? சும்மா உக்கார இவ என்ன மகாராணியா? நல்லா கேட்டுக்க தம்பி!" என்று அப்பா பக்கம் திரும்பினாள்.

அப்பா அத்தையை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்கு, "திரும்பி வந்துடுறா இல்லக்கா? போயிட்டு வரட்டும்" என்றார். அடுத்த நாளிலிருந்து தாம் ஓட்டும் தோட்டத்து லோரியிலேயே அம்மாவைப் பஸ் ரோடு வரை கொண்டுபோய் விட்டார். அப்பாவையும் மடக்கிவிட்டார்கள் என்று எனக்குப் பட்டது. மழை பிடித்த பிறகுதான் கூடையில் மறுபடியும் கத்தரிக்காய் வந்தது.

இத்தனை வருஷம் கழித்துப் போன வாரம், மலாக்கா பக்கம் ஆயர் குரோவில் என் வீட்டு வாசலில், ஏர்கானை அணைக்காமல் காருக்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். சாயங்காலமாகியும் வெயில் அடங்கவில்லை. சில நாட்களாகத் தூக்கமில்லை. உள்ளே போனால் யார்மீதாவது எரிந்து விழுவேன் என்று தெரிந்தது. நெஞ்சு வேறு படபடத்தது. மாரடைப்பேதான் என்று தீர்மானித்து, என் சாவுக்கு யார் யார் வராமல் இருப்பார்கள் என்பது வரை யோசித்து, அவர்கள்மேல் கோபமும் பட்டுவிட்டேன். அப்போது மகள் கண்ணாடியைத் தட்டினாள்.

"யாருகிட்டப்பா போன்ல பேசுறீங்க?"

"யாருகிட்டயும் இல்ல."

"அப்ப உள்ள என்ன செய்றீங்க?"

அச்சு அசல் அத்தையின் கண். "ஏறும்மா. கதவச் சாத்து லா, குளிரு போயிடும்" என்றேன்.

ஏறினாள். உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். அவள் என்னை நம்பவில்லை. நான் மட்டும் அம்மாவை நம்பினேனா? அன்று அம்மாவின் பக்கத்தில், என் பிடரியில் அவள் கை சில்லென்று இருக்க, ஒவ்வொரு நிறுத்தத்திலும் அம்மா எங்கே இறங்கப் போகிறாள் என்றுதான் பார்த்துக்கொண்டே வந்தேன்.