வலி போன கால்

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வலியக்கா என்று பெயர். பிசியோதெரபிஸ்ட் என்று முழுதாகச் சொல்ல அங்கே யாருக்கும் நேரமில்லை. தண்ணீர் குடிக்கக்கூட ஹெட்போனைக் கழற்றாத கூட்டம் அது. எங்கெங்கோ இருக்கும் வாடிக்கையாளர்களின் புகார்களைக் காதில் வாங்கி, விரலால் தட்டி, நாள் முழுக்க ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். கழுத்து இறுகியது, தோள்பட்டை கல்லானது, மணிக்கட்டு வீங்கியது. வலிக்காக எடுக்கும் லீவு கூடிக்கொண்டே போனதும் நிர்வாகம் வலியக்காவை வேலைக்கு வைத்தது.

ஒரு நிபந்தனை போட்டார்கள். கட்டில் கிடையாது, தனி அறை கிடையாது, யாரும் இடத்தை விட்டு எழக் கூடாது. அவள்தான் மேஜை மேஜையாகப் போய், உட்கார்ந்தவரை உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டும். அவள் ஒப்புக்கொண்டாள். அதற்கு முன் இருந்த மருத்துவமனையில் பக்கவாதக்காரர்களைத் தூக்கித் தூக்கி அவள் இடுப்பே விட்டுப்போயிருந்தது.

மருத்துவமனையில் அவளுக்கு ஒரு பழக்கம் இருந்தது. நோயாளி கதவிலிருந்து கட்டிலுக்கு வந்து சேர்வதற்குள் பாதி நோயைப் படித்துவிடுவாள். எந்தத் தோள் இறங்குகிறது, எந்தக் கால் பின்தங்குகிறது, எந்தச் செருப்பு தேய்ந்திருக்கிறது என்று கண் தானாக ஓடும். இங்கே யாரும் அவளிடம் நடந்து வரவில்லை. அவள்தான் அவர்களிடம் நடந்து போனாள். அந்த ஒரு மாற்றம் தன்னிடமிருந்து எதைப் பிடுங்கப் போகிறது என்று பாவம், அவளுக்கு அப்போது தெரியாது.

கைராசிக்காரி என்று பெயர் வாங்கிவிட்டாள். அவள் கட்டைவிரல் பிடரியில் பதிந்தால் போதும், பாதிப் பேர் கண் சொருகிவிடுவார்கள். மேனேஜர் அறுக்கிற கழுத்தை வலியக்கா வந்து ஒட்டவைக்கிறாள் என்று ஒரு குறும்புக்காரன் சொல்ல, அந்த வரிசையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது.

ஜன்னலோரத்தில் கடைசி நாற்காலி அவள் தங்கையுடையது. பெற்ற கையோடு அம்மா போய்விட்டதால், இரண்டு கையையும் பிடித்துச் சமையலறையிலிருந்து வாசல்வரை நடத்தி, அந்தக் குழந்தைக்கு நடை பழக்கியது அக்காதான். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி நினைக்காமல் தங்கையை வளர்த்து ஆளாக்கி, நல்ல இடத்தில் கட்டிக்கொடுத்தாள். தங்கை இப்போது கணவனோடும் குழந்தையோடும் நகரின் அந்தக் கோடியில் இருந்தாள். அக்காளும் தங்கையும் முகம் பார்த்துக்கொள்வது இந்த நாற்காலியில்தான்.

அந்தத் தங்கைக்கு இடுப்பில் வலி வந்தது. சில நாளில் அது பிட்டம் வழியே இறங்கி, இடது காலின் வெளிப்பக்கமாகப் பாதம்வரை இழுத்தது. வாத்தியார் பிள்ளை மக்கு, வைத்தியர் பிள்ளை சீக்கு என்று பக்கத்து நாற்காலிக்காரி கேலி செய்தாள். வலியக்கா நாற்காலியின் உயரத்தை மாற்றினாள், முதுகுக்குத் தலையணை வைத்தாள், இடுப்பில் பட்டைகள் ஒட்டி மெல்லிய மின்சாரம் கொடுத்தாள். வலி மசியவில்லை. ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டும் என்றாள். தங்கை கெஞ்சினாள். சூப்பர்வைசர் வேலை அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. இப்போது லீவு போட்டால் அது அடுத்தவருக்குப் போய்விடும்.

“அடுத்த வாரத்துக்குள்ள வலி குறையலேன்னா ஸ்கேன். மறுபேச்சு கிடையாதுடி,” என்றாள் அக்கா.

அடுத்த வாரம் அவள் போய் நின்றபோது தங்கையின் முகம் பூவாய் மலர்ந்திருந்தது.

“போயிடுச்சுக்கா. துடைச்சு எடுத்த மாதிரி போயிடுச்சு. உன் கைராசிதான்.”

அக்காவின் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வலிக்கிறதா என்று இடுப்பை அழுத்திக் கேட்டாள், இல்லை என்றாள் தங்கை. காலை நீட்டச் சொல்லிக் கேட்டாள், அப்போதும் இல்லை. ஸ்கேன் பேச்சு அத்தோடு போயிற்று. மேஜைக்கு அடியில் இருந்த பாதத்தைத் தூக்கிக் காட்டு என்று மட்டும் அவள் சொல்லவில்லை. வலியே இல்லாத காலை யார் சந்தேகப்படுவார்கள்?

தங்கையும் சில விஷயங்களைச் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்றில்லை, பொருட்டாகவே நினைக்கவில்லை. பாதம் மரத்துப்போனது, உட்கார்ந்தே இருப்பதால் என்று விட்டுவிட்டாள். செருப்பு அவளறியாமல் காலிலிருந்து நழுவியது. பட்டை வைத்த ஷூ வாங்கிக்கொண்டாள். தரையை ஏன் இப்படிப் போட்டு அடிக்கிறாய், அது உனக்கு என்ன பாவம் செய்தது என்று கணவன் கேலி செய்ததற்கு அவளும் சேர்ந்து சிரித்தாள்.

ஒரு மத்தியானம் வலியக்கா கணக்குப் பிரிவுக்காரரின் கழுத்தை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். முதுகுக்குப் பின்னால் நடைவழியில் யாரோ போனார்கள். டக், டப். டக், டப். குதிகால் ஊன்றியதும் பாதம் பலகைபோல விழும் சத்தம். மருத்துவமனையில் அதைக் கேட்டுக் கேட்டு அவள் காது பழகியிருந்தது. பாதத்தைத் தூக்குகிற நரம்பு செத்துக்கொண்டிருக்கிற காலின் சத்தம் அது. யாரோ வெளியாள், பாவம், என்று நினைத்தபடியே திரும்பினாள்.

தண்ணீர் பாட்டிலோடு அவள் தங்கை போய்க்கொண்டிருந்தாள்.

கை ஏன் நின்றுவிட்டது என்று கணக்குப் பிரிவுக்காரர் கேட்டது அவள் காதில் விழவில்லை. ஓடிப்போய்த் தங்கையைப் பிடித்து, கிடைத்த நாற்காலியில் உட்காரவைத்து, தரையில் மண்டியிட்டு ஷூவைக் கழற்றினாள்.

“கட்டைவிரலை மேல தூக்குடி.”

“தூக்கறேனே.”

விரல் கிடந்தபடியே கிடந்தது. தங்கை அப்போதுதான் குனிந்து தன் காலைப் பார்த்தாள். பார்த்தவளின் உதட்டிலிருந்த சிரிப்பு மெல்ல மெல்ல அவிந்தது.

“எப்பலேருந்து இப்படி?”

“தெரியலக்கா… வலி போனதிலேருந்துதான், கால் மரத்த மாதிரி…”

வலி போயிருக்கவில்லை. வலியைச் சொல்லிக்கொண்டிருந்த நரம்புதான், கத்திக் கத்தி யாரும் கேட்காததால் வாயடைத்துப் போயிருந்தது.

அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியில் பிதுங்கிய டிஸ்க் நரம்பை நசுக்கிக்கொண்டிருந்தது. ஆபரேஷன் செய்யலாம், ஆனால் கால் திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது, முன்பே வந்திருந்தால் கதை வேறு என்றார் மருத்துவர். இவ்வளவு நாள் யார் பார்த்தது என்றும் கேட்டார். யாரிடமும் காட்டவில்லை என்று சொல்லத் தங்கை வாயெடுத்தாள். அக்கா முந்திக்கொண்டாள்.

“நான்தான் பார்த்தேன். பிசியோதெரபிஸ்ட்.”

மருத்துவர் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

வெளியே வராந்தாவில் தங்கையின் கணவன் நின்றிருந்தான். ஒரு நாளும் அவளிடம் குரல் உயர்த்தாதவன். அன்றும் உயர்த்தவில்லை.

“ஊர்ல உள்ள கழுத்தெல்லாம் நிமிர்த்தினீங்களே அண்ணி. உங்க வீட்டுக் கால் உங்க கண்ணுல படலையா?”

படவில்லைதான். நடக்கிற காலைப் பார்க்கவே பார்க்காமல், உட்கார்ந்த காலுக்கு வைத்தியம் செய்திருக்கிறாள். அதை எந்த வாயால் அவனிடம் சொல்வாள்?

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. கால்தான் நன்றாகவில்லை. பாதம் தொங்காமலிருக்க ஷூவுக்குள் ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு தங்கை வேலைக்குத் திரும்பியபோது சூப்பர்வைசர் நாற்காலியில் வேறொருத்தி இருந்தாள். வரிசை வரிசையாக நடந்து மேற்பார்க்க வேண்டிய வேலை அது, நீ வீணாகக் கஷ்டப்படுவாய் என்று மேனேஜர் இதமாகச் சொன்னார். உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஒரு குறையும் இல்லை, ஜன்னலோர நாற்காலி எப்போதும் அவளுக்குத்தான் என்றார்.

வலியக்கா நிர்வாகத்திடம் போனாள். இனிமேல் யாரைத் தொடுவதற்கு முன்னாலும் அவர்களை எழுப்பி நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பேன் என்றாள். வேலை கெடும் என்றார்கள். அப்படியானால் தொட மாட்டேன் என்றாள். மறுநாள் முதல் அவள் வர வேண்டியதில்லை என்றாயிற்று. கணக்குப் பிரிவுக்காரர் மட்டும் லிஃப்ட்வரை வந்து வழியனுப்பினார்.

இப்போது அவள் தினமும் நகரின் அந்தக் கோடிக்குப் போகிறாள். மாப்பிள்ளை கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விடுவான். தங்கை கட்டிலில் காலை நீட்டுவாள். அக்கா கணுக்காலுக்கு மேலே தசைநாரின் மீது ஒரு விரலை வைத்துக்கொண்டு, தூக்கு என்பாள்.

நேற்றும் அப்படித்தான் சொன்னாள்.

“அசையுதுக்கா,” என்றாள் தங்கை. “இப்போ லேசா அசைஞ்சுது, பாத்தியா?”

விரலுக்கு அடியில் ஒரு துடிப்பும் இல்லை. ஆமாம் என்று சொல்லிவிட அக்காவின் நெஞ்சு தவித்தது. சொன்னால் இருவருமே ஒரு ராத்திரியாவது தூங்குவார்கள்.

“இல்லடி. அசையலை.”

மல்லாந்து கிடந்த தங்கையின் கண்ணோரம் வழிந்தது காதுக்குள் இறங்கியது.

“உனக்காகத்தான் சொன்னேன்.”

“தெரியும். இனிமே எனக்காக எதையும் சொல்லாதே. மறுபடி தூக்கு.”

தங்கை கண்ணை மூடி, பல்லைக் கடித்து, உடம்பிலுள்ள பலத்தையெல்லாம் அந்த ஒரு விரலுக்கு அனுப்பினாள். அக்கா தன் விரலை எடுக்கவில்லை.