அறுபத்துநான்காவது எழுத்து

இதைக் கதை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேய்க்கு ராத்திரிதான் வேண்டும் என்று யார் சொன்னார்களோ, அவர்கள் எங்கள் மெஷின் அறையைப் பார்த்ததில்லை. அடித்தளம். ஜன்னல் கிடையாது. உள்ளே போய்விட்டால் பகலும் ஒன்றுதான், இரவும் ஒன்றுதான்.

மருந்துத் தொழிற்சாலை அது. நான் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். இரண்டு பீரோவைச் சேர்த்து வைத்த அளவில் ஒரு பழைய மெஷின். கட்டடம் முழுக்க அறுபது டெர்மினல்கள், அதாவது வெறும் திரையும் சாவிப்பலகையும். அறுபது பேரும் ஒரே சமயத்தில் அந்த ஒரு மெஷினில்தான் வேலை செய்வார்கள்.

எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தால், டீ குடிக்கப் போனால்கூட, "பொறுப்பு எடுத்துக்கிறியா?" என்று திரையில் அடிக்க வேண்டும். அடுத்து வருபவர் "எடுத்தாச்சு" என்று அடிக்க வேண்டும். அதுவரை எழுந்திருக்கக் கூடாது. இந்தச் சடங்கை நான் கிண்டல் செய்யாத நாள் இல்லை. ஆனால் வருடக்கணக்கில் அடித்து அடித்து, விரல்களுக்கு அது மனப்பாடமாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வாசல் கேட்டைத் தவிர, கட்டடத்தின் கதவுகள் எல்லாம் அந்த மெஷினின் கையில்தான். கார்டைக் காட்டினால், யார், எந்தக் கதவு, உள்ளேயா வெளியேயா என்று ஒரு ஃபைலில் ஒரு வரி எழுதும். வரிக்கு அறுபத்துநான்கு எழுத்து. எழுதி முடித்த பிறகுதான் கதவு திறக்கும். அவசரப் பொத்தானையும் அதிலேயே இணைத்திருந்தார்கள், எந்தப் புண்ணியவானின் யோசனையோ!

அந்தக் காலத்து மெஷினில் ஒரு ஃபைல் இஷ்டத்துக்கு வளர முடியாது. எல்லை 2,147,483,647 எழுத்துகள். அதற்கு மேல் ஒன்றுகூட ஏறாது. பதினோரு வருட வரிகள் அதில் சேர்ந்திருந்தன. 'ஃபைல் நிரம்பப் போகிறது' என்று மூன்று வாரமாக மணிக்கொரு தடவை என் திரை கத்தியது. எரிச்சலில் நான்தான் அந்த எச்சரிக்கையை அணைத்து வைத்தேன்.

அந்த ஞாயிறு, மதியம் சரியாக 3:10. பதிவுகளை நகலெடுக்கிற டேப்பை மாற்ற உள்ளே போனேன். பத்து நிமிட வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் என்றால் வீட்டில் சண்டை வரும். அதனால் மனைவியிடம் முடி வெட்டப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். நான் அங்கே இருப்பது காவலாளி ஒருவருக்குத்தான் தெரியும்.

3:25. கார்டைக் காட்டினேன். கதவு திறக்கவில்லை.

மறுபடியும் காட்டினேன். பொத்தானை அழுத்தினேன். ஊஹூம். போய் ஃபைலின் அளவைப் பார்த்தேன். 2,147,483,584. மனக்கணக்குப் போட்டேன். மிச்சம் இருந்த இடம் அறுபத்துமூன்று எழுத்து. ஒரு வரிக்கு வேண்டியது அறுபத்துநான்கு. நான் உள்ளே வந்த வரிதான் கடைசி வரி. வெளியே போகும் வரிக்கு ஒரே ஒரு எழுத்து இடம் போதவில்லை.

ஃபைலைக் குறைக்கத் தனி பாஸ்வேர்டு வேண்டும். அது மேலே, மேனேஜரின் மேஜை டிராயரில். செல்போனுக்கு அங்கே சிக்னல் எட்டாது. சுவர் போனில் வரவேற்பறை மட்டும்தான் கிடைக்கும். அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. காவலாளிக்கு நாலு மணியோடு டியூட்டி முடியும். அடுத்தவரிடம் என்னைப் பற்றிச் சொல்லாமலே போயிருக்கிறார். பிறகுதான் தெரிந்தது.

4:50. ஒரு யோசனை வந்தது. கட்டடத்தில் யாராவது டெர்மினலில் உட்கார்ந்திருந்தால் செய்தி அனுப்பலாமே. அப்போது மெஷினைப் பயன்படுத்துகிறவர்களின் பட்டியலைக் கேட்டேன்.

இரண்டு பேர்.

ஒன்று நான். இன்னொன்று... 'இரவு'.

அது இரவு ஆபரேட்டரின் லாகின் பெயர். நான் வேலைக்குச் சேருவதற்கு முன்பே இரவு ஷிப்டை நிறுத்திவிட்டார்கள். டெர்மினல்: ஏழு. சும்மா இருந்த நேரம்: பூஜ்யம். அதாவது அந்த நொடியில் யாரோ அடித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழாம் டெர்மினல் எங்கே என்று எனக்குத் தெரியும். என் முதுகுக்குப் பின்னால், அறையின் மூலையில். ரொம்ப நாளாகவே பழுது.

மெதுவாகத் திரும்பினேன். திரை கறுப்பாக இருந்தது. கேபிளைக் கழற்றிச் சுருட்டி அதன் தலைமேலேயே வைத்திருந்தார்கள். யாரும் இல்லை.

டிக்... டிக் டிக்... டிக்.

சாவிப்பலகைச் சத்தம்.

நான் வாய் விட்டே கேட்டேன். "யாரு?"

சத்தம் நின்றது.

6:00. ஏசி நின்றது. நான் சேர்ந்த நாளிலிருந்து அது நின்றதே இல்லை.

மெஷின் மட்டும் ஓடியது. அதன் சூடு முழுக்க அறைக்குள். 6:15க்கு 33 டிகிரி. 6:30க்கு 42. ஐம்பதைத் தொட்டால் கூரையில் இருக்கிற தீயணைப்புக் கருவி, தீ என்று நினைத்து விசில் ஊதும். முப்பது நொடியில் வாயு திறக்கும். தீயை அணைக்கிற வாயு. மனிதனுக்கும் மூச்சு விட எதையும் மிச்சம் வைக்காது.

கதவை உதைத்தேன். நாற்காலியால் அடித்தேன். இரும்புக் கதவு, அசையவில்லை. என் பெண்ணின் முகம் நினைவுக்கு வந்தது. முடி வெட்டப் போன அப்பாவை அவள் எங்கே போய்த் தேடுவாள்? அழுதுவிட்டேன். சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

6:41. விசில்.

என் திரையில் ஒரு வரி வந்தது. அனுப்பியவர்: இரவு.

"பொறுப்பு எடுத்துக்கிறியா?"

இருபது நொடி...

"பொறுப்பு எடுத்துக்கிறியா?"

பத்து...

நான் யோசிக்கவில்லை. என் விரல்கள்தான் அடித்தன.

"எடுத்தாச்சு."

பின்னால் ஒரு நாற்காலி நகர்ந்தது.

கிளிக்.

கதவு.

பாய்ந்தேன். எனக்கு முன்னால் யாரோ போனார்கள். பார்க்கவில்லை. ஆனால் அந்தக் குறுகிய வாசலில் நான் அவர் பின்னால்தான் வெளியே வந்தேன்.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தார்.

"இந்த மெஷின் வந்த புதுசுல ஒரு நைட் ஆபரேட்டர் இருந்தார். ஒரு ஞாயித்துக்கிழமை அவரை மாத்திவிட வரவேண்டியவர் வரலை. சாயந்திரம் வரைக்கும் உக்காந்தே இருந்திருக்கார். ஏசி போச்சு, விசில் ஊதுச்சு... அவர் எழுந்திருக்கவே இல்லை."

"கதவு திறக்கலையா சார்?"

"கதவு நல்லாத்தான் இருந்துச்சு. பொறுப்பை யாரும் எடுத்துக்கலையே, அதான்."

ஃபைலைப் பார்த்தோம். பழைய மெஷினால் அதன் அளவைச் சொல்லவே முடியவில்லை. புது மெஷின் ஒன்றில் ஏற்றி எண்ணினோம். 2,147,483,648. எல்லைக்கு மேல் ஒரே ஒரு எழுத்து. அந்த மெஷினில் இருக்கவே முடியாத எழுத்து. கடைசி வரி: இரவு, மெஷின் அறை, வெளியே, 6:42.

அதற்கு முந்தைய வரி என்னுடையது. உள்ளே, 3:10.

நான் வெளியே வந்ததாக ஒரு வரியும் இல்லை.

அந்த வாரமே வேலையை விட்டேன். ஆனாலும் ஞாயிறு 6:42 ஆனால், எங்கே இருந்தாலும் வியர்த்துக் கொட்டும். மூச்சு முட்டும். மனைவி விசிறிவிடுவாள். பெண் தண்ணீர் கொண்டு வருவாள். காரணம் சொன்னதில்லை.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை போன் வந்தது. இப்போது என் இடத்தில் வேலை பார்க்கிற பெண். புதிதாகச் சேர்ந்தவள்.

"சார், பழைய மெஷின் ரூம்ல மாட்டிக்கிட்டேன். கதவு திறக்கலை. நல்லவேளை, இப்ப இங்கே சிக்னல் இருக்கு. மேனேஜர் எடுக்கலை, இங்க இருக்கிற பழைய டைரியில உங்க நம்பர் இருந்துச்சு..."

"பதறாதம்மா. தீயணைப்புக்குப் போன் பண்றேன்."

"சார்... லிஸ்ட்ல உங்க பேர் இருக்கு. ஏழாம் டெர்மினல். நீங்க ஏதாவது டைப் பண்றீங்களா?"

என் கையில் போன் மட்டும்தான் இருந்தது.

"பொறுப்பு எடுத்துக்கிறியான்னு கேக்குறீங்க சார். என்ன அடிக்கட்டும்?"

"எதுவும் அடிக்காதே!" என்று கத்தினேன்.

ஆனால் அதைச் சொல்வதற்கு முன்னால் ஒரு நொடி... ஒரே ஒரு நொடி... நான் பேசாமல் இருந்தேன்.

அந்த நொடியில் போனுக்குள் சத்தம் கேட்டது.

டிக்... டிக் டிக்... டிக்.

தீயணைப்பு வீரர்கள் போனபோது கதவு திறந்தே கிடந்ததாம். அவள் வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாளாம், ஒரு கீறலும் இல்லாமல்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை எனக்கு வியர்ப்பதில்லை.