வலி வருவதற்கு முன்பே குடித்த மருந்து

இடுப்பு வலிக்கத் தொடங்கியபோது நான் சந்தேகப்பட்டது, வேலை செய்கையில் உட்காரும் ஸ்டூலைத்தான். திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் பிரிவில் (தைத்து வரும் உருப்படிகளில் ஓட்டை, கறை பார்க்கும் பிரிவு) இருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம். ஏற்றுமதி வேலை குவிந்து கிடந்தது. அங்கே இடுப்பு வலிக்காத பெண் யார்?

மாதவிலக்கு இல்லாத நாட்களிலும் இரத்தம் பட்டது. அதன் பிறகுதான் கணவரிடம் சொன்னேன். அவர் செல்வராஜ், அதே கம்பெனியில் துணி வெட்டும் கட்டிங் மாஸ்டர். இருவருக்கும் சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம்.

கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவரிடம் மட்டும் பேசினார். வெளியே வந்தவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“என்ன சொன்னாவ?”

“கட்டியாம். கரண்டு வச்சா கரைஞ்சிருமாம்.”

கருப்பை வாய்ப் புற்றுநோய் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கரண்டு என்றது கதிர்வீச்சை (நோயணுக்களைக் கதிரால் அழிக்கும் சிகிச்சை). பெயர் தெரிந்த பிறகு வலியும் வேறாகிவிட்டது. அதுவரை இடுப்பில் இருந்தது. இப்போது காலுக்குள் இறங்கி, பழுக்கக் காய்ச்சிய கம்பியைப் போல நின்றது. கட்டி நரம்பை அழுத்துகிறது என்றார்கள்.

பஸ்ஸில் என்னால் உட்கார முடியாது. பல்லடம் வழியாகக் கோயம்புத்தூர் வரை கம்பியைப் பிடித்தபடி நின்றே போவேன். எழுந்து இடம் கொடுத்தவர்களிடம் வேண்டாம் என்பேன். திமிர் என்று நினைத்திருப்பார்கள்.

கதிர்வீச்சு அறைக்கு வெளியே சரசக்கா பழக்கமானார். பல்லடத்துக்காரர், கணவர் விசைத்தறி ஓட்டுகிறவர். மார்பில் வந்த நோய் அக்காவுக்கு முதுகெலும்பு வரை போயிருந்தது. எங்கள் இருவரையும் ஒரு நாள் வலி டாக்டரிடம் அனுப்பினார்கள்.

அவர் மயக்க மருந்து கொடுக்கும் டாக்டரம்மா. புற்றுநோய் வலியைக் குறைக்கும் வழிகளை ஆராய்கிறார் என்று நர்ஸ் சொல்லியிருந்தாள். ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் பயந்தேன். பிழைக்க மாட்டாதவர்களைத்தான் அதற்கு எடுப்பார்கள் என்று நினைத்தேன்.

டாக்டரம்மா தன் கையை நீட்டிக் காட்டினார். “விரல் நுனின்னா வலியே இல்லீங்க. தோள்பட்டைன்னா தாங்கவே முடியாத வலி. உங்களுக்கு எது வரைக்குமுங்க?”

நான் என் கழுத்தைத் தொட்டேன். அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

“எங்கள வச்சு சோதிச்சுப் பாக்கீயளா?” என்று செல்வராஜ் கேட்டார்.

“ஆமாங்க, மறைக்க மாட்டேன். மருந்து பழசுதாங்க. குடுக்கற விதந்தான் இங்க புதுசு. வலி வந்தப்புறம் ஊசி போடறதுதான் இதுவரைக்கும் வழக்கம். நாங்க வலி வர்றதுக்கு முன்னாலயே, நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா வாய் வழியாக் குடுத்துப் பாக்கறோம். வேண்டாம்னு நீங்க சொன்னாலும் கரண்டு வைக்கறது நிக்காதுங்க.”

மருந்து மார்ஃபின் (அபினியிலிருந்து எடுக்கும் வலி மருந்து). கசப்பான நீர். வராந்தாவில் சரசக்கா என் கையைப் பிடித்தார்.

“குடிச்சறாத கண்ணு. அது கடைசி மருந்து. அதக் குடுத்தாங்கன்னா கைவிட்டுட்டாங்கன்னு அர்த்தம்.”

அவர் வாங்கிக்கொள்ளவில்லை. நான் வாங்கிக்கொண்டேன். துணிச்சல் ஒன்றும் இல்லை. திரும்பிப் போகும் பஸ்ஸை நினைத்தேன், அவ்வளவுதான்.

இரண்டு மூன்று நாட்களில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மலச்சிக்கல் வந்தது, அதற்கும் மருந்து கொடுத்தார்கள். ஆனால் வலி அடங்கியதும் வேறொரு பயம் பிடித்துக்கொண்டது. கட்டி எங்கே இருக்கிறது, என்ன செய்கிறது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது வலி மட்டும்தான். அதன் வாயை அடைத்துவிட்டேன். உள்ளே சத்தமில்லாமல் வளர்கிறதோ? யாரும் இல்லாதபோது இடுப்பை விரலால் அழுத்தி அழுத்தித் தேடுவேன். ஒரு நாள் செல்வராஜ் பார்த்துவிட்டார்.

“என்னட்டி செய்யுத?”

“இருக்கான்னு பாக்கேன்.”

அவர் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

கதிர்வீச்சு முடியும் சமயத்தில் மருந்துக்குத் தட்டுப்பாடு வந்தது. அபினி சேர்ந்தது என்பதால் அரசாங்க அனுமதி வேண்டும். அது வந்து சேரவில்லை. இருப்பு கொஞ்சம்தான் என்றார் டாக்டரம்மா. அன்றைக்குத்தான் சரசக்காவை அவர் கணவர் தூக்கிக்கொண்டு வந்தார். அக்கா முனகவில்லை, முனகினால் முதுகு அசையும். என்னைப் பார்த்து, “இப்பக் குடுக்கச் சொல்லு கண்ணு” என்றார்.

டாக்டரம்மா என்னை உள்ளே அழைத்தார். “உங்க கட்டி சுருங்கியிருக்கோணும். அளவைக் கொஞ்சங் கொஞ்சமாக் குறைச்சுப் பாக்கலாங்களா? வலி திரும்பினா உடனே கூட்டித் தர்றேன். எப்படியும் இதச் செய்யத்தான் போறோம். இப்பவே செஞ்சா மிச்சம் அந்தம்மாவுக்கு ஆகும்.”

“வேண்டாம்” என்று செல்வராஜ் முந்திக்கொண்டார். “இவ கத்துனத நீங்க கேக்கல, டாக்டர்.”

எனக்கும் அதே பயம்தான். ஆனால் கதவு திறந்திருந்தது. அசையாமல் படுத்திருந்த அக்காவின் கால் கட்டைவிரல் மட்டும் விறைத்து நிற்பது தெரிந்தது. குறைக்கச் சொன்னேன்.

குறைத்த முதல் நாள் முழுக்க வலிக்காகக் காத்திருந்தேன். வலியை விட மோசம் அந்தக் காத்திருப்பு. வேலைக்குப் போகாமல் செல்வராஜ் பக்கத்திலேயே இருந்தார். வலி வந்தது. ஆனால் டாக்டரம்மா காட்டிய கை அளவில் முழங்கை வரைதான். அதைத் தாண்டவில்லை. அடுத்த வாரமும் குறைத்தார்கள். பரிசோதனையில் கட்டி கரைந்திருப்பது உறுதியானது.

சரசக்கா பிழைக்கவில்லை. ஆனால் கடைசி நாட்களில் சாய்ந்து உட்கார்ந்து தன் வீட்டுக்காரரோடு பேசியதாக என்னிடம் சொன்னார். “முன்னாலயே குடிச்சிருக்கலாம். பயந்துட்டேன்” என்றார். அனுமதி வந்து மருந்து மறுபடி கிடைத்தபோது அக்கா இல்லை.

இதே நோயோடு இதை வாசிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். வலியைப் பல்லைக் கடித்துப் பொறுப்பதால் கட்டி கரைவதில்லை. வலிக்கு மருந்து குடிப்பதால் அது வளர்வதும் இல்லை. இது எனக்கு உடம்பில் பட்டுத்தான் புரிந்தது.

பயம் போய்விட்டதா என்று கேட்காதீர்கள். இத்தனை வருஷம் கழித்தும் என் உடம்பை நான் முன்போல நம்புவதில்லை. அடுத்த வருஷம் என்று யாராவது பேசினால் தலையாட்டுகிறேன். எனக்குக் காலம் அடுத்த பரிசோதனை வரைதான். போன வாரம் துணி துவைக்கும்போது இடுப்பில் சுருக்கென்றது. ஈரத் துணி கையில் இருக்க, அப்படியே நின்றுவிட்டேன். தெருவில் கம்பெனி வேன் ஹாரன் அடித்துப் போனது. பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவினார்கள். மறுபடி சுருக்கென்று வரவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, துணியைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டேன்.